பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கோயில், கண்மாய்கள், திருவிழா மண்டகப்படி முறை என்று பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த குறிப்புகளை 2013இல் வாங்கிய லேப்டாப்பில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இப்போது சுவிட்சைத் தட்டிவிட்டு உலை வைத்துவிட்டு வந்தால்தான் திறக்கிறது. "ஃபார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் போட்டா சரியாயிடும்" என்கிறார்கள் கடையில். அப்பா கொடுக்கவே பயப்படுகிறார். கொடுக்கலாமா? விண்டோஸ் 11 போட முடியுமா?
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அப்பா பயப்படுவது சரிதான் அம்மா. அவர் மனசு தெளியும் வரை அந்த லேப்டாப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மதுரையில் 19 வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு வாத்தியார் வந்தார். "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு, நீங்க ஃபார்மட் பண்ணிக்கங்க" என்றார். நானும் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். மகள் கல்யாணப் படங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. டெஸ்க்டாப்பில் வைப்பது எல்லாமே சி டிரைவில்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டியவன் நான். மீட்பு மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். வந்த படங்களில் பல, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து இந்த வேலையை நான் செய்யும் முறையே மாறிவிட்டது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: ஃபார்மட் செய்யவே வேண்டாம். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, புது எஸ்.எஸ்.டி.யில் (தட்டு சுழலாமல் சிப்பிலேயே சேமிக்கும் வேகமான டிஸ்க்) புதிதாகப் போடுங்கள்.

காரணம் இரண்டு. முதலாவது, உங்கள் லேப்டாப்பின் மந்தத்துக்கு விண்டோஸைவிட அந்த ஹார்ட் டிஸ்க்கே பெரிய காரணமாக இருக்கும். உள்ளே ஒரு தட்டு சுழல, ஒரு முள் அதன்மேல் அலைந்து அலைந்து தேடும் பழைய சாதனம் அது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று விடாமல் நிற்கிறதா பாருங்கள். நின்றால், அதே டிஸ்க்கில் புது விண்டோஸ் போட்டாலும் சில வாரம் ஓடும், பிறகு பழைய கதைதான். இரண்டாவது, 12 வருட டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீலம் காட்டினால் பயமில்லை. மஞ்சளோ சிவப்போ காட்டினால், 'டக் டக்' என்று சத்தம் வந்தால், மற்ற எதையும் செய்யாமல் அப்பாவின் குறிப்புகளை மட்டும் முதலில் பென் டிரைவுக்கு எடுங்கள். படமும் பாட்டும் அப்புறம்.

இனி பாமினி. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாமினியில் அடித்த கோப்புக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடுகிறது அந்த எழுத்துரு, அவ்வளவுதான். அது இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்றுதான் தெரியும். எழுத்துருக் கோப்பு இருப்பது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில். ஃபார்மட் அடித்தால் அதுவும் போகும். ஆவணங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, எழுத்துருவை எடுக்க மறந்தவர்கள் "ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். கெடவில்லை. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது.

எனவே பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே மூன்று வேலை. ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியையும், அப்பா வேறு எழுத்துருக்கள் வைத்திருந்தால் அவற்றையும் பென் டிரைவில் நகலெடுங்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் வேர்டில் திறந்து பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள், எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும், நாளை எந்தக் கணினியிலும் எந்தக் கைபேசியிலும் படிக்கலாம். நூறு கோப்பு இருந்தாலும் உட்கார்ந்து செய்யுங்கள், தகும். மூன்றாவது, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி மென்பொருளால் ஒரு நகலை, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். குறிப்புகளுக்கு இடையே அப்பா ஆங்கிலச் சொல் அடித்திருந்தால் அதுவும் தமிழ் எழுத்தாக மாறிக் குழம்பும். அந்த இடங்களை அவரே பார்த்துத் திருத்தட்டும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

விண்டோஸ் 11 பற்றிக் கேட்டீர்கள். உங்கள் இயந்திரத்துக்கு அது ஏற்றதல்ல. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை ப்ராசஸரும் கேட்கும். 2013 மாடலில் இருப்பது 3ஆவதோ 4ஆவதோ. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். 4 ஜிபி ரேமில் அது அப்பாவைப் படாதபாடு படுத்தும். விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிநபர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று கெடு வைத்தார்கள். ஆகவே நான் சொல்வது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் வேலை செய்கிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வேர்டுக்குப் பதிலாக அதில் இருக்கும் லிப்ரெ ஆபீஸ் அவருடைய வேர்டு கோப்புகளைத் திறக்கும். பாமினியை அதிலும் நிறுவினால், எழுத்துருவைத் தேர்ந்து முன்பு அடித்த அதே விசைகளில் அடிக்கலாம். விரல் பழக்கத்தை இந்த வயதில் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் மாற்றுவது பெரிய காரியமில்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. 256 ஜிபி போதும். முதலில் சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழற்றுங்கள். அந்தக் காலப் பல மாடல்களில் அடியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் டிஸ்க் தகரச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் கையோடு வரும். சட்டத்தை அவிழ்த்துப் புதியதில் மாட்ட வேண்டியதுதான். பழைய டிஸ்க்கை ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டால் எப்போது வேண்டுமானாலும் செருகிப் பார்க்கலாம். என் கடையில் கழற்றிய டிஸ்க்கில் பெயர் எழுதி ஒட்டி, உரியவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். உங்கள் அப்பா கையிலும் கொடுங்கள்.

கேள்வி: லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் இருந்தது. மறுபடி போட்டுத் தரக் கடையில் 'லைசென்ஸ்' என்று தனியாகக் காசு கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே விண்டோஸோடு வரும் லேப்டாப்புகளில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் கடையில் ப்ரோ பதிப்பைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் உரிமம் அதற்குச் செல்லாது, உடனே உரிமம் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் ஏதோ ஒரு 'ஆக்டிவேட்டர்' ஓட்டுகிறார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் எதையும் வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: நானே லினக்ஸ் போட்டேன். எல்லாம் சரி, வைஃபை மட்டும் காணோம்.
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: சில பழைய வைஃபை சிப்புகளுக்கு, அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டுமே என்று திகைக்காதீர்கள். கைபேசியைச் சார்ஜர் வயரால் லேப்டாப்பில் இணைத்து, கைபேசி அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்தால் இணையம் வந்துவிடும். மின்ட் என்றால் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கும் டிரைவரைத் தேர்ந்து நிறுவி, ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.