படம் அசல், சேதி பொய்: ஊடகத்தைப் படிக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேரப்போகிறேன். வெகுஜனத் தொடர்பியலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கருத்துகள் எவை? பரீட்சையைத் தாண்டி அவற்றால் பயன் உண்டா?

பதில்:

உண்டு. நாளிதழ் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் பிரிவில், சில வருஷம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது கல்லூரியில் இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன். வகுப்பில் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதல் செமஸ்டரிலேயே அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் வந்துவிடுவார். யார், என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார் என்று 1948-ல் அவர் கேட்ட ஐந்து கேள்விகளை மனப்பாடம் செய்துவிடலாம். கூடவே ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதைச் சொல்லாமல் விட்டார்? இந்தத் துறையில் நீங்கள் படிக்கப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் எப்படிச் சொல்லப்படாமல் போகிறது என்று தெரிய டெஸ்க்கைப் பார்க்க வேண்டும். மாவட்டப் பதிப்பில் சாயங்காலத்துக்கு மேல் பகுதிநேர நிருபர்களின் செய்திகள் வந்து குவியும். குடிநீர் கேட்டு மறியல், பள்ளி ஆண்டு விழா, விபத்து, கோயில் கொடியேற்றம், கலெக்டர் ஆய்வு என்று எல்லாம் கலந்து கிடக்கும். அதற்குள் விளம்பரப் பிரிவு பக்கத்தில் தன் இடத்தைக் குறித்துக் கொடுத்திருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் செய்தி. மறியல் செய்தியில் படம் இல்லை, கொடியேற்றத்தில் நல்ல படம் இருக்கிறது என்றால் மறியல் ஒரு பத்தியாகச் சுருங்கி ஓரத்துக்குப் போய்விடும். யாரும் சதி செய்யவில்லை, யாரும் காசு வாங்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் அந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அங்கே தண்ணீர்ப் பஞ்சம் என்ற ஒன்றே இல்லை.

இதைத்தான் பாடத்தில் 'வாயில்காப்போர்' கோட்பாடு என்பார்கள். அமெரிக்காவில் டேவிட் மானிங் ஒயிட் என்பவர், ஒரு சிறு நகரப் பத்திரிகையில் செய்தி நிறுவனங்களின் செய்திகளைத் தேர்வு செய்த ஆசிரியர் ஒருவரை 1949-ல் ஒரு வாரம் கவனித்து, அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். வந்து விழுந்த செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. மற்றதை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டு வாங்கிய காரணங்களில் இடமில்லை என்பதும் இருந்தது, அந்த ஆசிரியரின் சொந்த விருப்பு வெறுப்பும் இருந்தது. இன்று அந்த நாற்காலியில் மனிதரோடு சேர்ந்து யூடியூபின், இன்ஸ்டாகிராமின் அல்காரிதமும் உட்கார்ந்திருக்கிறது. ஏன் தள்ளினாய் என்று அதனிடம் கேட்கத்தான் வழியில்லை.

அடுத்தது சட்டகம் (ஃப்ரேம்), அதாவது ஒரே நிகழ்வை எந்தக் கோணத்தில், எந்த வார்த்தையில் காட்டுகிறோம் என்பது. மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. நான் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான்.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் சுற்றின. பத்திரிகைகளிலும் செய்தியாக வந்தன. பத்திரிகை வழியாக அறிந்தேன் என்று பீகார் முதல்வர் நிதிஷ் குமாரே ட்விட்டரில் எழுதினார். அந்த மாநிலச் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்து விசாரித்தது. அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு இரண்டு வீடியோக்களைக் குறிப்பிட்டு விளக்கம் கொடுத்தார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த மோதல். மற்றது, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. இரண்டுமே பழையவை.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு வீடியோக்களும் கம்ப்யூட்டரில் செய்த போலி அல்ல என்பது. அடி உண்மை, ரத்தம் உண்மை. யார் யாரை அடித்தார் என்ற ஒரு வரி மட்டும் மாற்றப்பட்டது. அதே நாட்களில் சுற்றிய ரயில் நிலையக் கூட்டத்தின் படங்களும் அப்படித்தான். மார்ச் 8 ஹோலி. வருஷா வருஷம் பண்டிகைக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் நின்றார்கள். 'பண்டிகைக் கூட்டம்' என்று எழுதினால் அது ஒரு படம். 'பயந்து ஓடும் தொழிலாளர்கள்' என்று எழுதினால் அதே படம் வேறு படம். வதந்தி பரவிய பிறகு உண்மையிலேயே பயந்து கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். சட்டகம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

படத்தில் ஒரு பகுதியை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2018-ல் இந்தியா முழுக்கப் பரவிய ஒரு வீடியோவைச் சொல்லலாம். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, குழந்தைக் கடத்தலைப் பற்றி எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற சந்தேகத்தில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தவர்கள், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். அதில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். ஊடகக் கல்வி எல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நிகழ்ச்சிநிரல் அமைத்தல் என்ற கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், இன்னும் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டார்கள். மக்கள் முக்கியம் என்று சொன்ன பிரச்சினைகளும் ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்த பிரச்சினைகளும் ஏறத்தாழ ஒரே வரிசையில் இருந்தன. ஊடகம் உங்கள் கருத்தை மாற்றாமல் போகலாம். எதைப் பற்றிக் கருத்து வைத்திருக்க வேண்டும் என்பதை அது தீர்மானித்துவிடுகிறது. இன்றைக்கு இரவு டிவி விவாதத்தின் தலைப்பைப் பாருங்கள், புரியும்.

கடைசியாக, இருபடி ஓட்டம். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு செய்த ஆய்விலிருந்து வந்தது. பத்திரிகையும் வானொலியும் சொல்வது பலரை நேராகச் சென்று அடைவதில்லை, தங்களுக்குள் மதிப்புள்ள ஒருவர் வழியாகவே போய்ச் சேருகிறது என்பது அதன் சாரம். நமக்கு இதைப் புரியவைக்க ஒஹாயோ தேவையில்லை. டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க, நான்கு பேர் கேட்க, படிப்பவர் நடுநடுவே சொல்லும் அபிப்பிராயமும் செய்தியோடு சேர்ந்தே வீட்டுக்குப் போன ஊர் நம்முடையது.

இன்று அந்த இடத்தில் குடும்ப குரூப் இருக்கிறது. பெரியப்பா அனுப்பினார் என்பதற்காகவே ஒரு சேதி நம்பப்படுகிறது. வாட்ஸ்அப் 2018-ல் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறி வந்த சேதிக்கு இரட்டை அம்புக்குறி பின்னால் வந்தது. அந்தக் குறியைப் பார்த்தால், அனுப்பியவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், ஆட்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

பொய் என்று தெரிந்தால் குரூப்பில் போட்டு உடைக்காதீர்கள். எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தால் பெரியப்பா தான் சொன்னதிலேயே இன்னும் உறுதியாக நின்றுவிடுவார். தனியாகப் போன் செய்து, "பெரியப்பா, அந்த வீடியோ பழசு, வேற ஊர்ல நடந்தது. நீங்களே குரூப்ல சொல்லிடுங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்று சொல்லுங்கள். நான் என் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் அசைன்மென்ட்டே இதுதான். மறுப்பு அவர் வாயிலிருந்து வந்தால், பொய் போன அதே வழியில் உண்மையும் போய்ச் சேருகிறது.