4 அடி தொட்டியில் அரோவானா, ஆஸ்கர், ரெட்டெயில் கேட்ஃபிஷ் மூன்றையும் ஒன்றாக வளர்க்கலாமா? இப்போது மூன்றும் 4 அங்குலம்தான், சண்டை போடவில்லை.

சண்டை போடாமல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரெட்டெயில் சண்டைக்காரன் இல்லை, விழுங்குகிறவன். பகலில் மூலையில் சாதுவாகக் கிடக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் அது இரை தேடக் கிளம்பும். "அரோவானா மேல்தட்டில், கேட்ஃபிஷ் அடித்தட்டில், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது" என்று கடையில் சொல்லியிருப்பார்கள். இரவில் அந்தக் கணக்கு நிற்காது. தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனைக்கூட ரெட்டெயில் விழுங்கப் பார்க்கும். கூழாங்கல்லையே விழுங்கிவிட்டுப் பிறகு கக்கும் மீன் அது.

ஒழுங்காகத் தீனி போட்டால் முதல் வருடத்திலேயே ஒரு அடியைத் தாண்டிவிடும். அமேசான் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிறது. இதை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம். குளம் வெட்ட இடம் இருந்தால் பேசலாம். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் 3 அங்குலக் குட்டியாகப் பார்த்தால் யாருக்கும் மனசு வரும், அது வேறு விஷயம்.

அடுத்து தொட்டி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 250 லிட்டர். சில்வர் அரோவானா தொட்டியிலேயே 2 அடிக்கு மேல் வளரும். பலர் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் அரோவானா சுவர் வரை போய்த் திரும்ப வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். 8 அடி நீளமும் 3 அடி அகலமும் இருந்தால் நிம்மதி. அதில் இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் அந்தத் தண்ணீர் மட்டுமே 1,700 கிலோ. மாடி வீடு என்றால் கட்டட இன்ஜினியரிடம் கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். மூடி கட்டாயம், மேலே கனமும் வேண்டும். காட்டில் தண்ணீருக்கு மேலே உள்ள கிளையில் இருக்கும் பூச்சியை எகிறிப் பிடிக்கும் மீன் அரோவானா.

சரி, எதைத்தான் சேர்த்து வளர்க்கலாம்? ஒன்றின் வாய்க்குள் மற்றது போகக்கூடாது, இருக்கும் மட்டமும் வேறாக இருக்க வேண்டும். மேலே ஒரு அரோவானா, நடுவில் சில்வர் டாலர் மீன் கூட்டம், அடியில் பிச்சிர் என்ற நீண்ட உடம்பு மீன் ஒன்று. என்னிடம் இந்தக் கூட்டணிதான் ஓடுகிறது. சில்வர் டாலர் தட்டு மாதிரி அகன்ற உடம்புக்காரன், அதனால் வளர்ந்ததை விழுங்குவது கடினம். ஆஸ்கரையும் பெரிய தொட்டியில் சேர்க்கலாம், ஆனால் அரோவானா அதைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகுதான். 4 அங்குல அரோவானாவை ஆஸ்கர் துடுப்பைக் கடித்தே கொன்றுவிடும். ஃப்ளவர்ஹார்ன் ஆசையும் வரும், பாருங்கள். 1990களில் மலேசியாவில் உருவான அந்தக் கலப்பினத்துக்குத் தனிக்குடித்தனம்தான் ஒத்துவரும்.

தீனிக்குக் குட்டி கோல்டுஃபிஷ் வாங்கிப் போடாதீர்கள். நோய் வருவது ஒரு பக்கம். அதில் இருக்கும் தையமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழிக்கிறது. அதையே தின்றுவந்தால் மீனுக்குச் சத்துக்குறைவு வரும். பெல்லட் என்ற காய்ந்த உருண்டைத் தீனிக்குப் பழக்குங்கள். ஓரிரு நாள் பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும். ஊன் தின்னும் மீன் என்றாலே கழிவில் அம்மோனியா அதிகம். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீராவது மாற்ற வேண்டும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றக்கூடாது. குளோரின் மீனின் செவுளைக் கெடுப்பதோடு, ஃபில்டரில் அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். நீண்ட நேரம் கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இப்போதைக்கு உங்கள் 4 அடி தொட்டியில் ஆஸ்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கண்டதும் கண்ணாடி ஓரம் ஓடிவந்து தீனி கேட்கும், அலுக்காது. மற்ற இரண்டையும் வாங்கிய கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், சின்னதாக இருக்கும்போதே கேளுங்கள். ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் அமெரிக்காவின் அலிகேட்டர் கார் (alligator gar) என்ற மீன் அகப்பட்டது. அது நீந்தியா வந்திருக்கும்?