வாசகர் கேள்வி, கேமரா பதில்: முகம் மெழுகானது ஏன், வானம் பட்டையானது ஏன்?

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், விடியற்காலையில் ஏலம் முடிந்து கூடையோடு நின்ற என் அம்மாவை 50 மி.மீ. லென்ஸில், பின்னணி மங்கும்படி லென்ஸின் துளையை அகலத் திறந்து (எஃப் 1.8) படம் எடுத்தேன். பிறகு கணினியில் கிளாரிட்டி, ஷார்ப்னெஸ், சாச்சுரேஷன் (நிறச் செறிவு) மூன்றையும் நிறையக் கூட்டி, தோலையும் மிருதுவாக்கினேன். இப்போது வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. பின்னால் இருந்த விசைப்படகு விளக்குகள் வளையல்களைப் போல ஆகிவிட்டன. அம்மாவின் முகமோ மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. லென்ஸில் குறையா?
வாசகர், காசிமேடு

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. திருத்தாத படத்தில் அம்மாவின் மூக்குத்தியில் ஒரு துளி வெளிச்சமும், கண்ணோரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகளும், முன்கையில் ஒட்டியிருக்கும் ஒரு மீன் செதிலும்கூடத் தெரிகின்றன. திருத்திய படத்தில் அந்தச் செதிலும் இல்லை, கோடுகளும் இல்லை. மூக்குத்தியைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்புதான் மிஞ்சியிருக்கிறது.

பின்னணி மங்கலாக இருப்பது மட்டும் ஒரு முகத்தை முன்னே கொண்டுவந்துவிடாது. முகத்தில் தோலின் நுண்ணிய அமைப்பு துலக்கமாக இருந்து, பின்னணியில் அது இல்லாதபோதுதான் நம் கண் இரண்டுக்கும் நடுவே தூரத்தை உணர்கிறது. நீங்கள் தோலை மழுப்பியபோது முகம் பின்னணியின் பக்கம் சரிந்தது. படம் முழுவதற்கும் கிளாரிட்டியைக் கூட்டியபோது பின்னணி முகத்தின் பக்கம் ஏறி வந்தது. லென்ஸ் உண்டாக்கித் தந்த தூரத்தை இப்படி இரு முனையிலிருந்தும் சுருக்கிவிட்டீர்கள்.

விளக்குகள் வளையலானதற்கும் இதுவே காரணம். கிளாரிட்டி என்பது அக்கம்பக்கத்து ஒளி வேறுபாட்டைக் கூட்டுவது. மங்கிய விளக்கின் வட்டத்துக்கு மெல்லிய ஓரம் ஒன்று இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் நடு வெளிறி, ஓரம் தடித்துவிடும். ஷார்ப்னெஸ் செய்யும் கேடு வேறு வகை. மங்கலான இடத்தில் கூர்மையாக்க எந்த விவரமும் இல்லாததால், அது அங்கிருக்கும் இரைச்சல் புள்ளிகளைத்தான் கூர்மையாக்குகிறது.

வானத்துப் பட்டைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீங்கள் ஜேபெக்கில் எடுத்திருக்கிறீர்கள். 8 பிட் ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 ஒளிப் படிகள்தான் உண்டு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். எண்ணூர்ப் பக்கம் வெளுத்துக்கொண்டிருந்த அந்த விடியல் வானம், 256 படிகளில் மிகச் சிலவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்தச் சில படிகளைச் சாச்சுரேஷனும் கிளாரிட்டியும் இழுத்து விரிக்கும்போது, இடையில் நிரப்பப் புதிய படிகள் கிடையாது. இடைவெளிதான் பட்டையாகத் தெரிகிறது. மரமோ சுவரோ பின்னால் தெளிவாக இருந்திருந்தால் அந்த இடைவெளி மறைந்திருக்கும். வழவழப்பான மங்கலில் அதற்கு ஒளிய இடமே இல்லை. கோப்பை இப்போது 16 பிட்டுக்கு மாற்றினாலும் இழந்த படிகள் திரும்பி வரா. மேற்கொண்டு இழக்காமல் இருக்க மட்டுமே அது உதவும்.

ஆகவே, திருத்தாத கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். திருத்தியதன்மேல் திருத்தி மீண்டும் மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது அழியும். முகத்துக்குத் தனி மாஸ்க் போட்டு (திருத்தம் அந்த இடத்தில் மட்டும் படும்படி தேர்ந்தெடுத்து), கண்ணுக்கும் மூக்குத்திக்கும் மட்டும் ஷார்ப்னெஸ் கொடுங்கள். வானத்தைத் தொட வேண்டாம்; அப்படியும் பட்டை தெரிந்தால் மிக மெல்லிய கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் அது உடைந்து மறையும். தோலில், ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும் பருவை நீக்கலாம். கண்ணோரக் கோடுகளை விட்டுவிடுங்கள். அவை அம்மாவின் உழைப்பில் வந்தவை, அவற்றை அழிக்க நமக்கு உரிமையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் முன்னால் தங்கையைச் செல்போனின் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தேன். பின்னணியின் வெளிச்சத்தைக் குறைத்ததும் தலைமுடியைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறதே?
வாசகி, ராயபுரம்

பதில்: அந்த மங்கலின் பெரும்பகுதி லென்ஸ் தந்ததன்று; எது அருகில், எது தொலைவில் என்று செல்போன் கணக்கிட்டு வெட்டியது. பறக்கும் முடியிழைகளில் அந்த வெட்டு தவறுவது வழக்கம். பின்னணியை இருட்டாக்கினால் தவறு வெளியே வந்துவிடும். பல செல்போன்களில் எடுத்த பிறகும் மங்கலின் அளவைக் குறைக்க முடியும். முதலில் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். “கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க” என்று முகத்தை வெளுத்துத் தரச் சொல்லிக் கேட்காதவர்களே இல்லை. என்ன செய்வது?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மென்பொருளில் முகத்தை வெளுப்பதற்குப் பதில், எடுக்கும்போதே முகத்தின்மேல் நல்ல வெளிச்சம் விழச் செய்யுங்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தாலே கருத்த தோலின் பளபளப்பு அழகாக எழும். பிறகு முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும். பின்னணியின் வெளிச்சத்தோடும் அது ஒட்டாது, வெட்டி ஒட்டிய படம்போலவே இருக்கும். அட்டை வைத்து எடுத்த ஒரு படத்தையும், முகத்தை வெளுத்த ஒரு படத்தையும் பிரின்ட் போட்டு ஸ்டூடியோ மேசையில் வையுங்கள். கேட்டு வருபவர்கள் இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.