முகப் பெண்மையாக்க அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஆசை, ஆனால் ஆபத்துகளை நினைத்தால் தூக்கமே வருவதில்லை. இந்தப் பயம் நியாயமா?

நியாயமான பயம்தான் தோழி. "ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போ" என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் யாரும் அந்த ஆபரேஷனைப் பற்றி ஒரு வரிகூடப் படித்தவர்கள் இல்லை. நான் திருநங்கை. நெற்றியும் முகவாயும் செய்துகொண்டு சில வருடங்கள் ஆகின்றன. மருத்துவர் இல்லை, எனக்கு நடந்ததையும், அதற்காகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது எப்படி இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனை வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள். ஒரு பக்கம் பளபளவென்று முன்னும் பின்னும் எடுத்த படங்கள், இன்னொரு பக்கம் உதடு மரத்துப்போனதாக அழுகிறவர்கள். படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறதே தவிர ஒரு முடிவுக்கும் வர முடிவதில்லை.

எனக்குத் தெளிவு வந்தது, இதை ஒரே ஆபரேஷனாக நினைப்பதை விட்ட பிறகுதான். நெற்றி, மயிர்க்கோடு, மூக்கு, கன்னம், தாடை, முகவாய், தொண்டை மேடு எல்லாம் தனித்தனி வேலைகள். கத்தி போகும் வழியும் வேறு, அந்த வழியில் இருக்கும் நரம்பும் வேறு. எல்லா ஆபத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றினால் யாராலும் நிமிர முடியாது. எனக்கு எது தேவை, அதில் எது கெடலாம் என்று பிரித்துப் பாருங்கள்.

என் நெற்றியைச் சொல்கிறேன். புருவ எலும்புக்குப் பின்னால் சைனஸ் என்று காற்று நிறைந்த ஒரு அறை இருக்கிறது. அதன் முன்சுவர் தடிமனாக இருந்தாலோ, சிலருக்கு இருப்பதுபோல அந்த அறையே உருவாகாமல் இருந்தாலோ, எலும்பை மேலாகத் தேய்த்தாலே போதும். சுவர் மெலிசாக இருந்து புருவமும் முன்னால் துருத்தியிருந்தால், அந்தச் சுவரையே அறுத்தெடுத்து, வடிவம் திருத்தி, உள்ளே தள்ளி வைத்து, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துவார்கள். சான் பிரான்சிஸ்கோ சர்ஜன் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட் 1980களில் மண்டையோடுகளை ஆராய்ந்து வகுத்து, 1987இல் கட்டுரையாக வெளியிட்ட முறை இது. நேற்று முளைத்த பரிசோதனை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

என் சி.டி. ஸ்கேனைத் திரையில் போட்டு, சர்ஜன் பேனா முனையை ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டின் மேல் வைத்தார். "இதுதான் உங்கள் முன்சுவர். இதைத் தேய்த்தால் ஓட்டை விழும், அறுத்துத்தான் வைக்க வேண்டும்" என்றார். கெட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கிருமித் தொற்று வரலாம், வருடங்கள் கழித்து சைனஸுக்குள் சளி தேங்கிக் கட்டியாகலாம், மிக அரிதாகப் பின்சுவர் அடிபட்டு மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம் என்று மறைக்காமல் சொன்னார். கேட்கக் கேட்கக் கைகள் சில்லிட்டன. ஆனால் அன்றிலிருந்து என் பயம் அந்த ஒரு கோட்டைப் பற்றியதாக மட்டும் சுருங்கியது. அதோடு வாழ முடிந்தது.

எனக்கு மிஞ்சியது மரப்பு. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு, சீப்பின் பல் படுவது இன்றும் தெரியாது. சில நேரம் அங்கே அரிக்கும். சொறிந்தால் விரல் பட்டதே தெரியாது, அரிப்பும் அடங்காது. கீழுதடு சில மாதம் மரத்திருந்தது. தண்ணீர் குடித்தால் முகவாயில் வழிவதைச் சட்டை நனைந்த பிறகுதான் கவனிப்பேன். அது திரும்பி வந்தது. நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான், அதனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகும். இதைத் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், இன்று கேட்டாலும் போடுவேன்.

தாடை, தொண்டை மேடு இரண்டையும் வேண்டாம் என்றேன். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு என் ஸ்கேனில் கீழ் விளிம்பை ஒட்டி இருந்தது. கிடைக்கப்போகும் மாற்றமோ கொஞ்சம். தொண்டை மேட்டையும் விட்டுவிட்டேன். குரல் நாண்கள் அந்த மேடாகத் தெரியும் குருத்தெலும்பின் உட்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கின்றன, கொஞ்சம் அதிகமாகச் சீவினால் குரல் நிரந்தரமாகக் கரகரக்கலாம். நான் வகுப்பெடுத்துப் பிழைப்பவள். அந்த மேடு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்கு இது சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பெரியப்பா மகளுக்குப் பல்வரிசை சேரவில்லை என்று தாடையை அறுத்து நகர்த்தி வைத்தார்கள். அதே ரம்பம், அதே டைட்டானியம், அதே உதட்டு நரம்பு. குடும்பமே முறை வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு மட்டும் "கடவுள் கொடுத்த முகத்தில் கை வைக்கலாமா" என்றார்கள். அது சிகிச்சை, இது அலங்காரம் என்று இங்கேயும் யாராவது வருவீர்கள். திருநர் நலத்துக்கான உலகளாவிய மருத்துவ அமைப்பு 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதலில், தேவைப்படுகிறவர்களுக்கு முக அறுவை சிகிச்சையும் அவசியமான மருத்துவம் என்றே இருக்கிறது. எல்லாத் திருநங்கைகளும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்யாமலே நிறைவாக இருக்கிற தோழிகள் எனக்கு உண்டு.

புகைக்கிறீர்கள் என்றால் சில வாரங்கள் முன்பே அடியோடு நிறுத்துங்கள், நிகோடின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கித் தையல் ஓரத்தை ஆறவிடாது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவதா வேண்டாமா என்று உங்கள் சர்ஜனும் ஹார்மோன் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிந்து வந்தபின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடுங்கள். முதல் சில வாரங்கள் கண்ணாடியில் தெரிவது வீக்கம்தான். உண்மையான வடிவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம்.

சர்ஜனிடம், இதே வேலையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்குத் திரும்பச் செய்ய நேர்ந்தது, ராத்திரியில் சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் பழைய படத்தைக் கேட்டு யாரும் உட்பெட்டிக்கு வர வேண்டாம். ஸ்கேன் அறிக்கையில் எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் வருகிறவர்களுக்குக் கட்டாயம் பதில் போடுவேன்.