வாசகர் கேள்வி: துரையின் கதையும் பெயரில்லாத அப்புவும்

கேள்வி: 1930களின் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் நடக்கும் கலைப்படம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரை குடும்பத்தின் கதை. நம்மவர்கள் மூடுபனிக்குள் கொழுந்து பறித்தபடி வந்து மறைகிறார்கள். பங்களாவில் பணிசெய்யும் அப்புவுக்குப் பெயர்கூட இல்லை. கேட்டால், "அந்தக் காலம் அப்படித்தான், மாற்றிக் காட்டுவது வரலாற்றுப் பிழை" என்கிறார்கள் நண்பர்கள். இத்தகைய படத்தை எப்படி மதிப்பிடுவது?
– வாசகி, அட்டன்

பதில்: வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் உங்கள் நண்பர்கள், எனவே அதையே கேட்போம். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கிவிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் படும் பாட்டைப் பாடல்களாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். அந்தப் பத்தாண்டு முடிந்த கையோடு, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். அந்தப் பத்தாண்டைக் களமாக எடுத்துக்கொண்டு அதில் ஒருவரும் வாய் திறக்காதபடி காட்டினால், அந்த மௌனத்துக்குப் பொறுப்பு இயக்குநர்தான். காலத்தின் மேல் பழியைப் போட முடியாது.

துரையின் கதையைச் சொல்ல இயக்குநருக்கு உரிமை உண்டு. பங்களா வாசற்படியைத் தாண்டாத படமும் நல்ல படமாகலாம். ஆனால் பங்களாவுக்குள்ளேயே அப்புவும் ஆயாவும் இருந்தார்களே! தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும் கை மட்டும் திரையில் தெரிந்து, அந்தக் கைக்குரியவர் கடைசிவரை முகமில்லாமலே போவாரானால், கதை துரையுடையது என்ற சமாதானம் எடுபடாது. கலைப்படத்தில் மௌனம் இயல்பு என்பார்கள். சரி, துரைசானியின் மௌனத்துக்கு அண்மைக் காட்சியும், கொழுந்து பறிப்பவளின் மௌனத்துக்குத் தூரக் காட்சியும் ஏன் என்று கேளுங்கள்.

எத்தனை தமிழர் வந்தார்கள் என்று தலை எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. அவர்களுக்குள் இருந்த வேறுபாடு தெரிகிறதா என்பதே முக்கியம். ஆட்களைத் திரட்டிவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணியும் அவருடைய ஆட்களும் ஒரே நிலையில் வாழ்ந்தவர்கள் அல்லர். வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது, ஆட்களோ பெரும்பாலும் அவரிடமே கடன்பட்டிருந்தார்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு சம்பளமே நிர்ணயிக்கப்பட்டது. ஊரிலிருந்து கூடவே வந்த சாதி, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்திலும் யார் எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானித்தது. தோட்ட எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமங்கள் இருந்தன. இவை அனைத்தையும் அழித்து, 'பாவப்பட்ட கூலி' என்ற ஒரே முகத்தை வரைவது, நம்மீது அனுதாபம் கொண்டு எடுக்கப்படும் படங்களிலும் உண்டு. சொல்லப்போனால் அவற்றில்தான் அதிகம்; நாமும் கைதட்டிவிடுகிறோம்.

அடுத்த முறை கொழுந்து நிறுக்கும் காட்சி வந்தால் கவனியுங்கள். கூடைக்கும் ஈரத்துக்குமென்று கணக்கப்பிள்ளை சில இறாத்தல்களைக் கழிக்கும்போது, கமரா அவருடைய ஏட்டைப் பார்க்கிறதா, தராசு முள்ளிலேயே கண்ணை வைத்திருக்கும் பெண்ணைப் பார்க்கிறதா? அவள் ஏதாவது முணுமுணுத்தால், அது லயத்துப் பேச்சாக இருக்கிறதா, சென்னைச் சினிமாவிலிருந்து இரவல் வாங்கிய கிராமத்துத் தமிழாக இருக்கிறதா? உடை, கூடை, கம்பளி முதலியவற்றைக் கலை இயக்குநர்கள் பழைய நிழற்படங்களைப் பார்த்துச் சரியாகவே அமைத்துவிடுகிறார்கள். பேச்சுக்குத் தோட்டத்து மனிதர் ஒருவரின் உதவி தேவை. அப்படி யாரையேனும் அமர்த்தினார்களா என்பது படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இருக்கும்.