தவிர்க்க முடியாத இழப்பா?

அன்புள்ள ஐயா,
தென்னாப்பிரிக்க விடுதலைப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரிட்டோரியா குண்டுவெடிப்பையும் குறை கூறியிருந்தீர்கள். ஷார்ப்வில்லில் போராடிய கறுப்பின மக்கள் 69 பேரைச் சுட்டுக்கொன்ற நிறவெறி அரசையும் அதை எதிர்த்தவர்களையும் ஒரே தராசில் வைக்கலாமா? போரில் பொதுமக்கள் சாவது தவிர்க்க முடியாத இழப்பு அல்லவா? இதுபற்றி எதைப் படிக்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
தராசைப் பற்றிய கேள்விக்கு, நிறவெறி ஆட்சி முடிந்தபின் எல்லாத் தரப்பினரின் குற்றங்களையும் விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998இலேயே விடை சொல்லிவிட்டது: நிறவெறி ஆட்சி மானுடத்துக்கு எதிரான குற்றம், அதை எதிர்த்த போர் நியாயமானது, ஆனால் நியாயமான போரிலும் அநியாயமான செயல்கள் உண்டு. என்னை உறங்கவிடாதது உங்களுடைய ‘தவிர்க்க முடியாத இழப்பு’ என்ற தொடர்தான்.

1983 மே 20 மாலை, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரத்தில், பிரிட்டோரியாவின் சர்ச் தெருவில் விமானப்படைத் தலைமையகத்தின் வெளியே, விடுதலை இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு உம்கோன்டோ வி சிஸ்வே வைத்த கார்குண்டு வெடித்தது. அதைக் கொண்டுவந்த இருவரையும் சேர்த்து 19 பேர் இறந்தார்கள்; 217 பேர் காயமடைந்தார்கள். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான் திண்ணையில் அமர்ந்து அச்செய்தியைப் பெருமிதத்தோடு உரக்க வாசித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, “அந்தத் தெருவுல நடந்து போனவங்க என்னடா பண்ணாங்க?” என்று கேட்டார். நீங்கள் எழுதிய அதே தொடரைத்தான் நானும் சொன்னேன். அம்மா அதற்குமேல் பேசவில்லை.

அந்தத் தொடர் பொய், தம்பி. 1985 முதல் டிரான்ஸ்வால் மாகாணத்தின் எல்லையோரப் பண்ணைச் சாலைகளில் உம்கோன்டோ வி சிஸ்வே கண்ணிவெடிகளைப் புதைத்தது. வெள்ளைப் பண்ணையார்கள் ராணுவத்தோடு பிணைக்கப்பட்டவர்கள் என்பது அதன் வாதம். ஆனால் எவருடைய விடுதலைக்காக அந்தப் போர் நடந்ததோ அந்தக் கறுப்பினக் கூலித்தொழிலாளர்களும் அவற்றில் சிக்கி மாண்டார்கள். அதைக் கண்டபின் இயக்கமே அந்த நடவடிக்கையைக் கைவிட்டது. கைவிட முடிந்த ஒன்றைத் தவிர்க்க முடியாதது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? போரில் பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் நெறிகளுக்குக் கட்டுப்படுவதாக 1980இல் அந்த இயக்கத்தின் தலைவர் ஆலிவர் டாம்போ கையெழுத்திட்டாரே, தவிர்க்க முடியும் என்று நம்பாமலா? களத்தில் நின்றவர்கள் தங்கள் தவறென்று ஏற்றதை, எதையும் இழக்காத நீங்கள் விதியின் தலையில் கட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தன்னையும் குறை கூறிய ஆணையத்தின் அறிக்கையைத் தடுக்க ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் நீதிமன்றம் போய்த் தோற்றது; அதே இயக்கத்துக்காக 27 ஆண்டுகள் சிறையிருந்த மண்டேலா அதைப் பெற்றுக்கொண்டார். அந்த அறிக்கையையே படியுங்கள். அதன் ஏழாம் தொகுதியில், கொன்றவர் எந்தப் பக்கம் என்று பிரிக்காமல், பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.