தீட்டாவிலிருந்து 270° கழிக்கும்போது சறுக்கும் இடம்

'சைன்(தீட்டா − 270°) + காஸ்(180° + தீட்டா) என்பதைச் சுருக்கினால் எனக்கு −2 காஸ் தீட்டா வருகிறது. விடைப் பக்கத்தில் 0 என்று இருக்கிறது. எது சரி?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விடைப் பக்கம்தான் சரி. இரண்டாம் உறுப்பை −காஸ் தீட்டா என்று சரியாகவே போட்டிருப்பீர்கள். முதல் உறுப்பில், தீட்டா − 270° என்பதை 270° − தீட்டா என்று படித்திருக்கிறீர்கள். நிறைய பேர் விழும் பள்ளம் இது.

எனக்குப் பிடித்த வழி, கோணத்தோடு 360° கூட்டிவிடுவது. ஒரு முழுச் சுற்று கூடினால் சைன் மதிப்பு மாறாது. தீட்டா − 270° இப்போது 90° + தீட்டா ஆகிவிடும். இனி இரண்டே கேள்வி. தீட்டாவோடு கூடும் நகர்வு 90°இன் ஒற்றைப்படை மடங்கா? ஆம், அதனால் சைன் காஸாக மாறும். (காஸ் என்பதே நிரப்புக் கோணத்தின் சைன்தான். 1620இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டர் அந்தப் பொருளில்தான் பெயரைச் சுருக்கி எழுதினார்.) அடுத்தது குறி. தீட்டாவைக் குறுங்கோணமாக வைத்துக்கொண்டால் 90° + தீட்டா இரண்டாம் கால்பகுதியில் விழும். அங்கே சைன் மிகை. ஆக, +காஸ் தீட்டா. குறியைப் பழைய சைனுக்குத்தான் பார்க்க வேண்டும், புதிதாக வந்த காஸுக்கு அல்ல. அவசரத்தில் காஸுக்குப் பார்த்தால் மறுபடி −2 காஸ் தீட்டாதான் கிடைக்கும்.

தீட்டா விரிகோணமாக இருந்தால்? அப்போதும் இதே முடிவுதான். குறுங்கோணம் என்று கொள்வது குறியைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம், அவ்வளவே. சந்தேகம் இருந்தால் கூட்டல் சூத்திரத்தில் விரித்துப் பாருங்கள்: சைன் தீட்டா × காஸ் 90° + காஸ் தீட்டா × சைன் 90°. முதல் பாதி பூச்சியம், மிஞ்சுவது காஸ் தீட்டா.

விடையைச் சோதிக்க 30° போடுங்கள்: சைன்(−240°) = √3/2, காஸ் 210° = −√3/2, கூட்டினால் 0. சோதனைக்கு 45° மட்டும் வேண்டாம். அங்கே சைனும் காஸும் ஒன்றே என்பதால், பெயரை மாற்ற மறந்திருந்தாலும் காட்டிக்கொடுக்காது.

நகர்வு 90°இன் மடங்காக இல்லாவிட்டால் இந்தக் குறுக்குவழி உதவாது, விரித்தே ஆக வேண்டும். சைன்(தீட்டா + 60°) + சைன்(தீட்டா − 60°) வந்தால், காஸ் தீட்டா உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 2 சைன் தீட்டா × காஸ் 60° நிற்கும். காஸ் 60° அரை, ஆகவே விடை சைன் தீட்டா. இதற்கும் 30° போட்டுப் பாருங்கள்: 1 − ½ = ½.